வாசல் பக்கம் போன கண்

தமிழ்ச்செல்வி பஞ்சாயத்துத் தலைவியாகி மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் யாரும் அவளைத் தலைவி என்று கூப்பிட்டதில்லை. அவள் புருஷன் காசிமாயனைத்தான் 'தலைவரே' என்றார்கள். அவளுக்குத் 'தலைவர் வீட்டம்மா' என்று பேர்.

தலைவராக வேண்டும் என்று பல வருஷமாக ஊருக்குள் அலைந்து திரிந்தவன் காசிமாயன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஒன்று விடாமல் போய் நிற்பான். அவனுக்கு நேரம் கூடி வந்த தேர்தலில் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ரெண்டு நாள் யாரிடமும் பேசாமல் வெற்றிலைக் கொடிக்காலிலேயே கிடந்தான். மூணாம் நாள் வந்து தமிழ்ச்செல்வியை நிற்கச் சொன்னான். போஸ்டரில் அவள் படம் சின்னதாகவும், கும்பிட்டபடி நிற்கும் அவன் படம் பெரிதாகவும் இருந்தன. ஜெயித்த அன்று முதல் மாலை விழுந்தது அவன் கழுத்தில்தான். அவன்தான் அதைக் கழற்றி இவள் கழுத்தில் போட்டான்.

அவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பைக்கில் அவள் ஏறி உட்கார்ந்ததும் முந்தானை சக்கரத்துப் பக்கம் தொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான். அதனாலேயே அவளுக்கு யாரிடமும் எதையும் குறையாகச் சொல்ல முடியவில்லை. தங்கச்சியிடம் ஒருதரம் லேசாக ஆரம்பித்தபோது, "உனக்கென்னக்கா, மாமா மாதிரி ஆளு யாருக்குக் கெடைக்கும்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

கோச்சடையில் ஒரு தொண்டு நிறுவனம் பெண் தலைவர்களுக்கு மேடைப்பேச்சு வகுப்பு நடத்துவதாகத் தகவல் வந்தது. மூன்று நாள். தகவல் வந்தது காசிமாயன் போனுக்கு. பஞ்சாயத்து சம்பந்தமாக எங்கே நம்பர் கேட்டாலும் அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"போவோம் தமிழு. சர்டிபிகேட்டு குடுப்பாங்களாம். ஆபீஸ்ல மாட்டலாம்" என்றான்.

வைகைக் கரையை ஒட்டி மேலக்கால் ரோட்டில் போகும்போதே, தலையை லேசாகத் திருப்பி, அவள் பேச வேண்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தான். ஊருக்கு முதலில் வேண்டியது சமுதாயக்கூடம். மழை வந்தால் கல்யாணப் பந்தல் நனைகிறது. வெளியூர் மண்டபத்துக்குப் போனால் ஏழைகளுக்குக் கட்டுபடியாகவில்லை. கோயில் பக்கத்தில் புறம்போக்கு இடம் இருக்கிறது. அவள் பின்னால் இருந்தபடி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். துவரிமான் தாண்டுவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

வகுப்பு மாடியில். உள்ளே பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கூட வந்த வீட்டுக்காரர்கள் வராந்தாவில் நின்றார்கள். காசிமாயன் மட்டும் வராந்தாவோடு நிற்கவில்லை. கதவு நிலையில் தோளைச் சாய்த்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றான்.

வகுப்பெடுக்க வந்த சுஷ்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். வேகமாகப் பேசினாள், அடிக்கடி சிரித்தாள்.

"உங்க ஊருக்கு முதல்ல எது வேணும்? அஞ்சு நிமிஷம் பேசுங்க. நான் செல்லுல வீடியோ எடுப்பேன். சாயங்காலம் அவங்கவங்க நம்பருக்கு அனுப்பிடுவேன். வீட்டுல போட்டுப் பாருங்க. உங்களையே வேற யாரோ மாதிரி பாக்கணும். நல்லாருக்கு, நல்லால்லைன்னு சொல்லக் கூடாது. என்ன தெரிஞ்சதோ அதை மட்டும் நாளைக்கு வந்து சொல்லணும்."

தமிழ்ச்செல்வி எழுந்து முன்னால் போய் நின்றாள். மனப்பாடம் பண்ணியதைப் பேசிவிட்டாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஏதோ தடுக்கியது மாதிரி இருந்தது, சமாளித்துக்கொண்டாள். முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். வாசலில் காசிமாயன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பரவாயில்லை, நன்றாகத்தான் பேசியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது காசிமாயன் கூப்பிட்டான்.

"ஏ தமிழு, வந்துருச்சு. ஓடியா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் போனை ரெண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டான்.

முதல்தரம் பார்த்தபோது அவளுக்குச் சேலை மடிப்பு ஏறியிருந்ததும், கழுத்து வியர்வையும்தான் தெரிந்தன. குரல் தன்னுடையதாகவே இல்லை. இவ்வளவு மெலிசாகவா பேசுகிறோம் என்று கூச்சமாக இருந்தது.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள்.

இரண்டாம்தரம் பார்க்கும்போதுதான் கண்ணைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் பேசுவாள். முடிந்ததும் கண் இடது பக்கம் போகும். அங்கே ஒரு நொடி நிற்கும். திரும்பி வந்த பிறகுதான் அடுத்த வாக்கியம் வரும். ஒருதரம்கூடத் தப்பவில்லை. சமுதாயக்கூடம் வேண்டும் என்பாள், இடது பக்கம். மழை வந்தால் பந்தல் நனைகிறது என்பாள், இடது பக்கம். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தரையும் அவள் பார்க்கவே இல்லை.

காசிமாயனும் அதைக் கவனித்துவிட்டான். அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"என்னையவே பாக்குற பாரு" என்று வெட்கத்தோடு சிரித்தான். "அம்புட்டுக் கூட்டத்துலயும் என்னையவே தேடுற பாரேன்."

அவன் சந்தோஷம் நிஜமானது. அவள் சிரிக்காமல் போனையே பார்த்தாள்.

"இன்னொருக்கா" என்றாள்.

இந்தத் தடவை அந்தத் தடுக்கிய இடத்துக்காகக் காத்திருந்தாள். அது நாலாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் வந்தது. வீடியோவில் அவள், 'எங்க ஊரு தெக்குத் தெருவுல இன்னும் கொழாயி…' என்று ஆரம்பித்தாள். கண் இடது பக்கம் போனது. வாய் அப்படியே நின்றது. கண் திரும்பி வந்தது. 'அதனால சமுதாயக்கூடம் கட்டாயம் தேவை' என்று முடித்தாள்.

தெற்குத் தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததே அவளுக்கு ஞாபகம் இல்லை. மனப்பாடம் பண்ணியதில் அது கிடையாது. தானாக வந்திருக்கிறது. வந்த வேகத்தில் திரும்பியும் போயிருக்கிறது.

தெற்குத் தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கூலி வேலைக்குப் போகிற சனங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் வாய்க்காலோடு நின்றுவிடும். ஓட்டுக் கேட்டுப் போனபோது சோணையம்மாள் என்கிறவள் வீட்டில் தண்ணீர் கேட்டாள் தமிழ்ச்செல்வி. சோணையம்மாள் துணியை விரித்து வடிகட்டி ஒரு செம்பில் கொடுத்தாள். குடித்துவிட்டு, "நான் வந்தா ஒங்களுக்குக் கொழாயி போட்டுத் தாரேன்க்கா" என்று தமிழ்ச்செல்வி சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுத்து அவள் சொன்னதல்ல அது. அந்தத் தேர்தலில் அவள் வாயிலிருந்து சொந்தமாக வந்த வார்த்தை அது ஒன்றுதான். காசிமாயனிடம் ரெண்டு மூணு தரம் ஞாபகப்படுத்தினாள். "பாப்போம், மொதல்ல மண்டபம் முடியட்டும்" என்றான். அவனுடைய பங்காளிகளுக்கு அந்தச் சமுதாயக்கூட மண்டபத்தைக் கட்டித் தருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

"ஸ்டேட்டஸ்ல வச்சுட்டேன்" என்றான் காசிமாயன். "அதுக்குள்ள எட்டுப் பேரு பாத்துட்டாய்ங்க."

அவள் அடுப்படிக்குப் போனாள். தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். தெற்குத் தெருவுக்குக் குழாய் வேண்டும். சொல்லி முடித்ததும் கண் தானாகக் கூடத்துப் பக்கம் போனது. அவன் கட்டிலில் மல்லாந்து படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் ஒருத்தி இருப்பதையே அவன் கவனிக்கவில்லை. ஆனாலும் கண் போகிறது.

மறுநாள் ஒவ்வொருத்தராக எழுந்து தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். சமயநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த கனகலட்சுமி என்கிற தலைவி, "நான் மூக்கத் தொட்டுக்கிட்டே இருந்துருக்கேன் மேடம். எங்க வீட்டுக்காரரு, ஒனக்கு என்ன சளியான்னு கேக்குறாரு" என்றாள். கூடம் சிரித்தது.

தமிழ்ச்செல்வியின் முறை வந்தது. எழுந்தாள். வாசலில் காசிமாயன் நேற்று நின்ற அதே இடத்தில் நின்றான். இன்றைக்குச் சட்டை மட்டும் வேறு.

"என் கண்ணு எடது பக்கமே போயிக்கிட்டு இருந்துச்சு மேடம்."

"சரி. இடது பக்கம் என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் சுஷ்மா.

அத்தனை தலைகளும் இடது பக்கம் திரும்பின. காசிமாயன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான், வணக்கம்கூட வைத்தான். இத்தனை பேர் நடுவில் நின்றும், நாலு பக்கமும் அடைத்துவிட்ட மாதிரி இருந்தது தமிழ்ச்செல்விக்கு. உண்மையைச் சொன்னால் அவன் முகம் என்ன ஆகும் என்று தெரியும். சாயங்காலம் பைக்கில் அந்த முதுகுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும் என்றும் தெரியும்.

"கதவு மேடம்" என்றாள்.

மறுபடியும் சிரிப்பு. சுஷ்மா சிரிக்கவில்லை.

"நடுவுல ஒரு வாக்கியம் பாதியிலேயே நின்னுடுச்சே. தெக்குத் தெருன்னு ஏதோ சொன்னீங்க."

"மறந்துருச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் கை கழுவுகிற இடத்தில் கனகலட்சுமி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு எங்கூட வரமாட்டாரு. போன்லயே கேட்டுக்கிருவாரு. நானும் வீடியோவப் பாத்தேன். மூக்கத் தொடாத நேரமெல்லாம் என் கண்ணு கைப்பையத்தான் பாக்குது, எப்ப போன் அடிக்குமோன்னு. அதச் சொல்லவா முடியும்? மூக்கச் சொன்னேன்."

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சுஷ்மா வராந்தாவுக்கு வந்தாள்.

"அண்ணே, எல்லாரும் கீழ போய் டீ குடிச்சுட்டு வாங்க. கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கிறோம்."

"நான் இருந்தா என்ன மேடம்? நான் இல்லாட்டி அவ பயந்துருவா" என்றான் காசிமாயன்.

"பயந்தா பயப்படட்டும்ணே. போய்ட்டு வாங்க."

அவன் தமிழ்ச்செல்வியைப் பார்த்தான். "பயப்படாத. கீழதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். சுஷ்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அன்றைக்கும் அதே தலைப்புதான். தமிழ்ச்செல்வி முன்னால் போய் நின்றாள். இன்றைக்கு வாசலில் யாரும் இல்லை, எதிரே இருப்பவர்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வணக்கம் சொன்னாள். ஊர்ப் பேரைச் சொன்னாள். கண் இடது பக்கம் போய்விட்டது.

பச்சை பெயின்ட் அடித்த கதவு. தாழ்ப்பாள் போட்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. கண்ணை இழுத்துக்கொண்டு வந்தாள். கனகலட்சுமியைப் பார்த்து அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். முடித்ததும் மறுபடியும் போனது. அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. இவனைக் கீழே அனுப்பினாலும் போகவில்லை, ஊரை விட்டே அனுப்பினாலும் போகமாட்டான் போலிருக்கிறது. இந்த ரெண்டு நாளும் கதவில் நிற்கிற ஆளைத்தான் பார்க்கிறோம் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை.

பேச்சு நின்றுபோயிற்று. யாரோ இருமினார்கள். சுஷ்மா போனைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

போனால் போகட்டும் என்று தமிழ்ச்செல்வி முழுசாகவே இடது பக்கம் திரும்பிவிட்டாள். கூட்டத்துக்குத் தோளைக் காட்டிக்கொண்டு, மூடின கதவைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க ஊரு தெக்குத் தெருவுல இன்னும் கொழாயி இல்ல. தொட்டியிலருந்து வர்ற பைப்பு வாய்க்காலோட நின்னுபோகுது. பொம்பளைக எல்லாம் வயலுக்குள்ள இருக்க கெணத்துக்குப் போறாக. மழைன்னா வரப்புல வழுக்கி விழுகுறாக. நான் போட்டுத் தாரேன்னு சொன்னேங்க. நான்தான் சொன்னேன், நீங்க சொல்லல. மண்டபம் வேணாம்னு சொல்லல. கல்யாணம் வருஷத்துக்கு நாலு நடக்கும். தண்ணி தெனமும் குடிக்கணும். மொதல்ல கொழாயி. அப்பறம் மண்டபம்."

குரல் உடைந்து உடைந்து வந்தது. ரெண்டு இடத்தில் சொன்னதையே திரும்பச் சொன்னாள். முடிக்கவும் தெரியாமல், "அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு நின்றாள். கை தட்டல் உடனே வரவில்லை. கொஞ்சம் கழித்து வந்தது.

"இன்னைக்கு வீடியோ பாக்காமலே சொல்லுங்க. எப்படிப் பேசுனீங்க?" என்று கேட்டாள் சுஷ்மா.

"மோசமாத்தான் பேசுனேன் மேடம். சபையப் பாக்கல. கதவப் பாத்தே பேசிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "ஆனா முடிச்சுட்டேன்."

திரும்பி வரும்போது துவரிமானில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினான் காசிமாயன். டீ வருவதற்குள் போன் சத்தம் கொடுத்தது. வீடியோ வந்துவிட்டது. இப்படி நடக்கும் என்று வகுப்பிலேயே அவளுக்குத் தெரியும். நம்பரை மாற்றிச் சொல்ல அவளுக்கு வேறு நம்பர் இல்லை. அவன் ஆசையாகத் திறந்து பார்த்தான். அவள் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வந்தது. 'நான்தான் சொன்னேன், நீங்க சொல்லல.'

முடியும்வரை பார்த்தான். டீ ஆறிவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமுல்ல" என்றான்.

"எத்தன தடவ சொல்லிருக்கேன்."

"நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? பாப்போம்னுதான சொன்னேன்."

அவன் முகம் அடிபட்ட பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கிளாஸைக் கையில் உருட்டினான். பிறகு அவனே தேற்றிக்கொண்டான்.

"சரி விடு. கிளாஸ்தான. ஊருக்குள்ளயா பேசுன?"

அந்தத் தடவை அவன் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். அவன் திரும்பி முந்தானையைப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினான்.

அடுத்த கிராமசபை கோயிலுக்கு முன்னால் நடந்தது. வழக்கம்போல மைக்கைப் பிடித்தது காசிமாயன். தீர்மானங்களை அவன் சொல்லச் சொல்ல, ஊராட்சிச் செயலர் முத்திருளன் எழுதினார். தமிழ்ச்செல்வி நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெற்குத் தெருப் பெண்கள் வேப்பமரத்துப் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தார்கள். சமுதாயக்கூடத் தீர்மானம் முடிந்தது. காசிமாயன் நன்றி சொல்லப் போனான்.

அவள் எழுந்தாள். மைக்குக்குக் கை நீட்டினாள். அவன் என்ன ஏது என்று புரியாமல் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றான். இப்போது அவன் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தான். கண்ணுக்கு அவன் அகப்படவில்லை.

"தெக்குத் தெருவுக்குக் கொழாயி போடணும். அதையும் தீர்மானத்துல எழுதுங்க. மொதத் தீர்மானமா எழுதுங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். முத்திருளன் எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் தலைக்கு மேலாகப் பின்னால் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வேப்பமரத்தடிப் பெண்களும் அங்கேதான் பார்த்தார்கள். அவள் மட்டும்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஊரே பார்த்தது.

பின்னாலிருந்து காசிமாயன் சிரிக்கும் சத்தம் கேட்டது. தாராளமான சிரிப்பு.

"அட, தலைவரம்மா சொல்லுறாகள்ல. எழுதுங்கண்ணே" என்றான்.

முத்திருளன் எழுதினார். கை தட்டல் கிளம்பியது. "தலைவருக்குப் பெரிய மனசுய்யா" என்று யாரோ கத்தினார்கள். காசிமாயன் முன்னால் வந்து கும்பிட்டான். மைக் அவள் கையிலிருந்து எப்போது அவன் கைக்குப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் தெற்குத் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. திறந்துவைக்கிற அன்றைக்குத் தமிழ்ச்செல்வி கையால்தான் திருகச் சொன்னார்கள். பக்கத்தில் காசிமாயன் நின்றான். தண்ணீர் முதலில் காற்றாகச் சீறி, பிறகு செம்மண் நிறத்தில் வந்து, அப்புறம் தெளிந்தது. பெண்கள் குடங்களோடு நெருங்கினார்கள். சோணையம்மாள் காசிமாயன் முன்னால் போய் ரெண்டு கையையும் கூப்பினாள்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீக சாமி. ஒங்க புண்ணியம்."

அவன் நெகிழ்ந்துபோனான். "இருக்கட்டும்க்கா, இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போட்டோ எடுக்கிறவர்கள் பக்கம் நகர்ந்தான்.

தமிழ்ச்செல்வி குழாயடியில் சோணையம்மாள் பக்கத்தில் நின்றாள். மெதுவாகச் சொன்னாள்.

"நாந்தானக்கா ஒங்களுக்குச் சொன்னேன். ஒங்க வீட்டுல தண்ணி குடிச்சுட்டு."

"தெரியும் தாயி" என்றாள் சோணையம்மாள், குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்திக்கொண்டே. "எனக்குத் தெரியாதா? இன்னும் தெருவுக்கு லைட்டு வரணும். அவரு காதுல விழுகட்டும்னுதான் சத்தமாச் சொன்னேன்."

தமிழ்ச்செல்வி குனிந்து குடத்தின் வாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"லைட்டுக்கும் நான் கேக்குறேன்க்கா."

"கேளு தாயி. நீதான் கேக்கணும்." சோணையம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "கேட்டுட்டு, அவரையும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அப்பத்தான் எழுதுவாக."